அரைப் பேரும் முழுப் பேரும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, அம்மா அப்பா வைத்தது. மற்றது, ஒரு நாள் வேலை. மலையிலிருந்து கூடையோடு இறங்கி வரும் ஒரு பெண்ணிடம் "இந்த மாசம் எத்தன பேரு?" என்று கேட்டால், வேலை நாளைக் குறிக்கும் பதிவேடான செக்ரோலில் எத்தனை நாள் வேலை விழுந்திருக்கிறது என்று கேட்கிறோம் என்று பொருள். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து வரவில்லையா, அரைப் பேர். காலை ஏழரைக்கு மலையில் ஏறி, அட்டைக்கடி வாங்கி, மழையில் நனைந்து, நாலரைக்கு இறங்கினாலும் அரைப் பேர்தான். ஆள் முழுசாகத்தான் போயிருப்பாள்.

நான் இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா 31 வருஷம் கொழுந்து பறித்தார். நான் பிள்ளைக்காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, பிறகு பாலர் பாடசாலை டீச்சராகி, 2011இல் ஒரு சிறிய மனித உரிமை அமைப்போடு சேர்ந்தேன். "மனித உரிமைச் செயற்பாட்டாளர்" என்று என் அடையாள அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அதுக்கு யாரு பேரு போடுவாங்க?" என்று கேட்டார். சம்பளம் யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முதல் எட்டு மாதம் என்னிடமும் பதில் இருக்கவில்லை.

இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் இப்போது என்னிடம் வருகிறார்கள். சட்டப் புத்தகம், ஐ.நா. உடன்படிக்கை, இனப்பாகுபாடு பற்றிய கருத்தரங்குக் குறிப்பு எல்லாம் பையில் இருக்கும். அவர்களுக்கு நான் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் நான் பிழைவிட்ட இடங்கள்.

2012ஆம் ஆண்டு ஆனி மாதக் காற்றில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயத்தின் தகரம் பாதி பறந்துவிட்டது. பன்னிரண்டு காம்பரா. ஆறு வாரமாகியும் யாரும் வந்து பார்க்கவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரவு முழுக்க உட்கார்ந்து மூன்று பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். அழகான மனு. 'கண்ணியமான வாழ்வுக்கான உரிமை', 'சர்வதேச நியமங்கள்' எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் லயத்துக்குப் போய் 46 பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். வாசித்துக் காட்டினேனா? காட்டினேன். ஆனால் அவர்கள் மலையிலிருந்து களைத்து வந்த நேரம், அடுப்பில் உலை, மடியில் பிள்ளை. மூன்று பக்கத்தை யார் கேட்டது?

நாலு நாள் கழித்துக் காலைப் பிரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், தோட்ட மேலாளரான பெரியதுரை ஐந்து பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இதில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாராம். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. "டீச்சர் வைக்கச் சொன்னாங்க, வச்சோம்" என்றிருக்கிறார்கள். அதோடு அந்த மனு செத்தது. அந்த ஐவரில் இரண்டு பேர் நிரந்தரப் பதிவில்லாதவர்கள். ஒரு மாதத்துக்கு அவர்களுக்கு 'இன்னைக்கு வேலை இல்ல' என்ற பதில்தான் கிடைத்தது. அதில் ஒருவர் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டு இஸ்தோப்பில், முன் திண்ணையில், வந்து உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருந்தீங்களாம் டீச்சர்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்தக் கடிதமானாலும் ஒரு பக்கம்தான். எழுதியவர் வாசித்துக் காட்டக்கூடாது, லயத்திலேயே வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வாசிக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் கையெழுத்து வைக்கப் போகிறவர்களில் ஒருவர் 'நாங்க இதைத்தான் கேக்கறோம்' என்று தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் அடுத்த கேள்வி: துரை கூப்பிட்டால் என்ன சொல்வீங்க, வேலை நின்றால் எத்தனை நாள் தாங்கும்? பதிவில்லாமல் கைக்காசுக்கு வேலை செய்பவர்களை முன்வரிசையில் நிறுத்துவதில்லை. இதைக் கேட்டுச் சில இளம் செயற்பாட்டாளர்கள் "அக்கா, நீங்க ஆட்களைப் பயப்படுத்துறீங்க" என்பார்கள். பயப்படுத்தவில்லை. விலை எவ்வளவு என்று முதலிலேயே சொல்கிறேன், அவ்வளவுதான். விலையைத் தெரிந்துகொண்டு கையெழுத்து வைத்தவர்கள் பின்வாங்கி நான் பார்த்தது மிகக் குறைவு.

தொழிற்சங்கத் தலைவரைத் தாண்டிப் போனதும் அந்த முறை நான் விட்ட இன்னொரு பிழை. தோட்டத்தில் யாருக்கு எந்த சங்கம் பிடிக்குதோ பிடிக்கலையோ, சம்பளத்திலிருந்து மாதாமாதம் சந்தா வெட்டப்படுகிறது. அந்தக் காசைக் கொடுக்கிறவர்களுக்கு அங்கே ஒரு உரிமை இருக்கிறது. தலைவரிடம் முதலில் போகச் சொல்லுங்கள். அவர் செய்யவில்லை என்றால், செய்யவில்லை என்பதும் ஒரு தகவல். சொல்லாமலே தாண்டிப் போனால் அவர் துரைக்குத் துணையாகிவிடுவார். எனக்கு அப்படித்தான் ஆனது.

கூட்டம் எங்கே வைப்பது என்பதும் சின்ன விஷயமாகத் தெரியும். தொடக்கத்தில் நாங்கள் கோயில் மண்டபத்தில் வைத்தோம். வசதியான இடம், கூரை உண்டு. மூன்றாவது கூட்டத்தில்தான் கவனித்தேன்: கீழ் லயத்துப் பெண்கள் உள்ளே வராமல் படிக்கட்டுக்கு அப்பால் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். "வாங்க" என்றால், "இங்கயே கேக்குது டீச்சர்" என்றார்கள். அந்தக் கோயிலுக்குள் அவர்கள் எந்தக் காலத்தில் போனார்கள்? நான் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே வளர்ந்தும் என் கண்ணுக்கு அது படவில்லை. ஏனென்றால் நான் மேல் லயத்துப் பிள்ளை. கொழும்புக்காரன் நம்மைத் 'தோட்டக்காட்டான்' என்று சொல்வதைக் கேட்டால் கொதிக்கிற நமக்கு, நம் லயத்துக்குள் ஓடும் கோடு தெரிவதில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினோம். எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒன்றாகத் தொட்டிலில் கிடக்கும் இடம் அதுதான். மேல் லயத்தில் இரண்டு குடும்பங்கள் வருவதை நிறுத்திவிட்டன. நிறுத்தட்டும் என்று விட்டுவிட்டோம். அவர்களில் ஒரு குடும்பம் பிறகு வந்தது, மற்றது இன்றுவரை வரவில்லை.

இனி கிலோ கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2015இலிருந்து ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுப் போராடினோம். கடைசியில் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 900 ரூபாயும் 100 ரூபாய் கொடுப்பனவும் என்று வர்த்தமானியில் வந்தது. வெடி கொளுத்தினோம். ஆனால் அதோடு கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு போட்டிருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்பதைத் தோட்ட நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு வைக்கத் தொடங்கியது. நான் சொல்லும் தோட்டத்தில் 16 கிலோவாக இருந்தது 20 ஆனது. 19 கிலோ எடுத்தால்? அரைப் பேர். கூலி ஆயிரமாகியும், மாதக் கடைசியில் கையில் வந்தது பழையபடிதான். சில பெண்களுக்கு அதைவிடக் குறைவு.

இதில் இன்னொரு பழைய களவும் உண்டு. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்றும், ஈரத்துக்கு என்றும் கிலோ வெட்டுவார்கள். இரண்டு கிலோ, மழை நாளில் நாலு. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மூன்று முறையும் வெட்டு விழும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் 'வெட்டுறாங்க' என்று சொன்னால் எந்த அதிகாரிக்கும் அது வெறும் புலம்பல். எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதியில் என்று கேட்பான். யாரிடமும் பதில் இருக்காது.

ஒரு அக்காதான் யோசனை சொன்னார். எட்டாம் வகுப்பு படிக்கும் தன் மகளின் பழைய கணக்குக் கொப்பியைக் காட்டி, "இதுல எழுதி வச்சா என்ன?" என்றார். அப்படித்தான் தொடங்கியது. ஒரு பக்கத்தில் ஐந்து கோடு: தேதி, எத்தனையாவது நிறுவை, தராசு காட்டிய கிலோ, எழுதிய கிலோ, வெட்டு. நிறுக்கும் இடத்தில் யாரும் கொப்பியை வெளியே எடுக்கவில்லை. தராசு முள்ளைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, ஒரு அக்கா சேலை முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, இன்னொருவர் தேயிலைக் காம்பை ஒடித்து இடுப்பில் சுற்றிய படங்குத் துணிக்குள் சொருகிக்கொண்டு வருவார்கள். ஒரு காம்பு ஒரு கிலோ. வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கேட்கும், தாய் சொல்லும், பிள்ளை எழுதும். 23 பெண்கள், மூன்று மாதம்.

இதில் நான் செய்தது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சரிபார்த்தேன். சந்தேகமாக இருந்த வரிகளைத் திருத்தவில்லை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அப்படியே விட்டேன். இதை முக்கியமாகச் சொல்கிறேன். நம் ஆட்கள் நல்லெண்ணத்தில் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லிவிடுவார்கள். ஒரு இடத்தில் பொய் பிடிபட்டால் மூன்று மாதக் கொப்பியும் அடுப்புக்குத்தான். ஒரு பெண் நாலு நாள் எழுத மறந்துவிட்டு, பிறகு குத்துமதிப்பாக நிரப்பியிருந்தார். அந்த நாலு நாளையும் அடித்துவிட்டோம். அவருக்குக் கோபம். ஆனால் கொப்பிகளைக் காட்டிய விசாரணையில் அதிகாரி முதலில் எடுத்துப் பார்த்தது அந்த அடித்த பக்கத்தைத்தான். 'ஏன் இது வெட்டியிருக்கு?' என்று கேட்டார். 'மறந்துபோச்சு ஐயா, அதனால எடுத்துட்டோம்' என்று அந்தப் பெண்ணே சொன்னார். அதற்குப் பிறகு அந்த ஐயா மற்றக் கொப்பிகளைக் கேள்வி கேட்காமல் வாசித்தார்.

முடிவு என்ன என்றால், முழு வெற்றி இல்லை. ஈரத்துக்கான வெட்டு இரண்டு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று எழுத்தில் வந்தது. சாக்கின் எடையை எல்லார் முன்னாலும் காலையில் நிறுத்துக் காட்டத் தொடங்கினார்கள். 20 கிலோ 18 ஆனது. அரைப் பேர் ஒழியவில்லை. ஆனால் நிறுக்கும் இடத்தில் கணக்குப்பிள்ளை இப்போது தராசைப் பெண்கள் பக்கம் திருப்பி வைக்கிறார். யாரும் சொல்லி அல்ல.

அதே 2021 கடைசியில் நவீன அடிமைத்தனம் பற்றிய ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா இலங்கைக்கு வந்தார். மலையகத் தமிழரின் நிலை பற்றியும் பேசினார், அடுத்த வருஷம் அறிக்கையும் வந்தது. எங்களுக்கு அது பெரிய தெம்பு. ஆனால் உள்ளூரில் என் அனுபவம் இது: ஐ.நா. அறிக்கையை மேற்கோள் காட்டி நான் ஓர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. செக்ரோல் இலக்கத்தையும் தேதியையும் மட்டும் போட்டு எழுதியதற்குப் பதினேழாம் நாள் பதில் வந்தது.

பொலிஸ் பற்றி ஒரு வார்த்தை. சம்பளத் தகராறில் ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் வாக்குமூலம் எழுதினார்கள். சிங்களத்தில். அவனுக்குப் பேச வரும், வாசிக்க வராது. கையெழுத்து வைத்துவிட்டான். அவன் சொன்னது ஒன்று, அதில் இருந்தது வேறு. தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் வாக்குமூலம் கொடுக்கவும், வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்து வைக்க மறுக்கவும் முடியும். அதைச் சொல்ல நிலையத்தில் அந்த நேரம் யாருக்குத் தைரியம் வரும் என்பது வேறு கதை. குறைந்தபட்சம் கையெழுத்துக்கு மேலே 'எனக்கு வாசித்துக் காட்டப்படவில்லை' என்று தமிழில் ஒரு வரி எழுதப் பழக்குங்கள். நாங்கள் அந்த ஒரு வரியை இளைஞர் கூட்டத்தில் பத்துத் தடவை எழுதிப் பார்க்கச் செய்கிறோம். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதம்தான் அவகாசம். பலர் வக்கீல் தேடுவதிலேயே அதைக் கோட்டைவிடுகிறார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டுவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டுக்குக் காசு இல்லை, தமிழிலேயே எழுதலாம். இந்த ஒரு விஷயத்தை லயத்துச் சுவரில் எழுதி வைக்கலாம் என்பேன்.

இனிப் பெரியம்மா. பெயர் சொல்லமாட்டேன், ஆனால் கதையே பெயரைப் பற்றியது.

லெட்சுமி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மலையில் லயத்துக்கு ஒருத்தி இருப்பாள். தாய் கூப்பிடுவது 'லெச்சுமி'. பிறப்பைப் பதிந்தவர் சிங்களத்தில் காதால் கேட்டபடி எழுதினார். தோட்டத்துக் கிளாக்கர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதினார். அவர் மாறிப் போய் அடுத்த கிளாக்கர் வந்து வேறு மாதிரி எழுதினார். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது மூன்றாவது. ஓய்வுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் சேமலாப நிதியில் நாலாவது. இதில் தகப்பன் பெயர் முன்னால் வருமா, பின்னால் வருமா, புருஷன் பெயர் சேருமா என்பது தனிக் குழப்பம். இப்படி ஒரு உடம்புக்கு நாலு பெயர். எல்லாப் பெயரையும் வேறு யாரோதான் எழுதினார்கள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. பெரியம்மாவின் கதையும் இதுதான்.

பெரியம்மா 1981இல் பேர் பதிந்து, 2019இல் ஓய்வுபெற்றார். 38 வருஷம். சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வர வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். வேலை நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்: 532 நாள். "ஐந்நூத்தி முப்பத்திரெண்டு பேரா?" என்று பெரியம்மா வாயில் கைவைத்தார். அவருக்கு அது காசாகத் தெரியவில்லை. மலையேறாமலே விழுந்த 532 பேராகத்தான் தெரிந்தது.

தோட்டம் 27 வருஷத்துக்குத்தான் கணக்குக் காட்டியது. 1992இல் தோட்டங்களை அரசு கம்பனிகளிடம் ஒப்படைத்தது. அதற்கு முந்திய செக்ரோலில் இருப்பது வேறு பெயர், ஆகவே வேறு ஆள் என்றார்கள். பதினொரு வருஷத்தை ஒரு எழுத்து தின்றுவிட்டது.

பெயர் இல்லை என்பது எங்களுக்குப் புதிய வியாதி அல்ல. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பாட்டன் பாட்டிமாரை ஒரே கையெழுத்தில் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 9,75,000 பேரில் இவ்வளவு உனக்கு, இவ்வளவு எனக்கு என்று பிரித்தார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பிறகு பார்க்கலாம். என் தாத்தாவின் தம்பி பெட்டி கட்டி ரயிலேறியபோது, ஹட்டன் மேடையில் தாத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினாராம். அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். மிஞ்சியவர்களுக்கும் சேர்த்துப் பிரஜாவுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். பாட்டி தன் பிரஜாவுரிமைக் கடதாசியை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னைத் தலையணைக்குக் கீழ் வைத்துத் தூங்கினார். சாகும்வரை. கரப்பான் அரித்த ஓரத்தோடு அது இப்போது என்னிடம் இருக்கிறது. ஆகவே 'கொப்பி எடுத்து வையுங்க' என்று நான் லயம் லயமாகப் போய்ச் சொல்லத் தேவையில்லை. வைத்திருக்கிறார்கள். எந்தக் கடதாசி எதற்கு என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

பெரியம்மாவின் வேலைக்கு நாங்கள் எடுத்த படிகளைச் சொல்கிறேன். முதலில், நாலு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து கொடுக்கும் எழுத்து. தோட்டத்தில் பெயர் எப்படி எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையும் எழுத்துக்கு எழுத்து அதில் இருக்க வேண்டும். 'முதலிய பெயர்களிலும்' என்று சுருக்கினால் திரும்பி வரும். எங்களுக்கு ஒரு முறை திரும்பி வந்தது. இரண்டாவது, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். மூன்றாவது, கூட வேலை செய்தவர்களின் சாட்சி. இதுதான் கடைசியில் பெரிதாக உதவியது. 1980களில் பெரியம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்த மூன்று கிழவிகளைத் தேடிப் பிடித்தோம். ஒருவர் அந்தக் கால சம்பளச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். அதில் பெரியம்மாவின் இலக்கமும் இவருடைய இலக்கமும் அடுத்தடுத்து வந்தன. பெயர் மாறினாலும் செக்ரோல் இலக்கம் மாறாது என்பதை அன்றுதான் நானும் கற்றேன். இப்போது முதல் கேள்வியே 'உங்க நம்பர் என்ன?' என்பதுதான். எழுபது வயதுக் கிழவிக்குக்கூட அது நினைவிருக்கும்.

தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தோம். இரண்டு முறை விசாரணைக்கு நாங்கள் போகவில்லை என்று கோப்பை மூடப் பார்த்தார்கள். ஏன் போகவில்லை? கடிதம் வரவில்லை. லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. யார் மேல் முறைப்பாடோ, அவர்கள் மேசையில்தான் அழைப்புக் கடிதம் கிடக்கிறது! அன்றிலிருந்து எந்த முறைப்பாட்டிலும் நகரத்தில் நம்பிக்கையான ஒருவரின் விலாசத்தைப் போடுகிறோம். எல்லாம் பதிவுத் தபாலில். கையில் கொடுத்தால் நம் கொப்பியில் முத்திரையும் தேதியும்.

கொரோனாவில் ஒன்றரை வருஷம் போனது. 2021 நடுவில், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பிடித்தோம். 'எங்கள் முறைப்பாட்டில் எந்தெந்தத் தேதியில் என்னென்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பின் பிரதி வேண்டும்' என்று ஒரே கேள்வி. 14 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொன்னார்கள் என்பதைவிட, கோப்பைத் தேடினார்கள் என்பதுதான் நடந்தது. தேடியதும் விசாரணைத் தேதி வந்தது. குற்றம் சாட்டாத ஒரு கேள்வி சில நேரம் பத்துக் குற்றச்சாட்டைவிட வேகமாக ஓடும். அந்த அலுவலகத்தில் இருந்த ஒரு சிங்கள நங்கி (தங்கச்சி), எழுதுவினைஞர், பழைய கோப்பைக் கண்டுபிடிக்க மதியச் சாப்பாட்டு நேரத்தையும் விட்டுத் தேடினார். இதையும் எழுதி வைக்கிறேன். எல்லாக் கதவையும் ஒரே இனத்தார் மூடுவதில்லை, திறப்பதுமில்லை.

விசாரணை நாளில் நான் பேசத்தான் போனேன். பேச வாயெடுத்தபோது பெரியம்மா என் கையைத் தட்டி நிறுத்தினார். தோட்டத்தின் சார்பில் வந்தவர், 'இந்தப் பழைய பெயர் உங்களுடையது என்பதற்கு என்ன நிச்சயம்?' என்று கேட்டார். பெரியம்மா எழுந்து, 1981இல் எந்த மலை எத்தனை நிரை, யார் கங்காணி, எந்த மாதம் கவ்வாத்து, எந்த வருஷம் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுச் செடி நட்டது, அதில் எத்தனை பெண்கள் குழி வெட்டினது என்று நிற்காமல் சொல்லிக்கொண்டே போனார். ஐந்து நிமிஷம் இருக்கும். முடிவில், "பேரை எழுதினது உங்க கிளாக்கர். குழி வெட்டினது நானு" என்றார். அதிகாரி அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் தயார் செய்து வைத்திருந்த குறிப்பு பையிலேயே இருந்தது.

38 வருஷமும் ஒத்துக்கொள்ளப்பட்டது. பிந்தியதற்கான மேலதிகமும் சேர்ந்தது. 2022இல், மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காத அந்தக் காலத்தில், காசோலை வந்தது. விலைவாசி அதற்குள் அந்தக் காசில் பாதியைத் தின்றிருந்தது. மூன்று வருஷம் முந்தி வந்திருந்தால் மகளுக்குக் கூரை போட்டிருப்பார். இப்போது அரைக் கூரை.

காசோலையை எடுத்துக்கொண்டு பெரியம்மா நேரே எங்கள் இஸ்தோப்புக்குத்தான் வந்தார். நான் வாங்கிப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். அதில் அவருடைய பெயர் ஐந்தாவது விதமாக எழுதப்பட்டிருந்தது.

எனக்குத் தலை சுற்றியது. அவர் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டு எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "விடு டீச்சர், இதுவும் நாந்தான்னு இன்னொரு சத்தியக்கடதாசி. எத்தன மணிக்கு பஸ்ஸூ?"

மறுநாள் காலை ஆறரை பஸ்ஸுக்கு நான் போனபோது அவர் முதலே வந்து நின்றார். கையில் ஷொப்பிங் பையில் சுற்றிய கோப்பு. பக்கத்தில் கீழ் லயத்துப் பெண் ஒருவர், அவரும் கையில் ஒரு பையோடு. "இவளுக்கு மூணு பேருதான், சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றார் பெரியம்மா.